பிசினஸ் விசாவில் கூட்டி வந்து எம்ப்ளாய்மென்ட் விசாவாக மாற்ற முடியுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கம் கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் யூனிட் வைத்திருக்கிறீர்கள், நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் வருகிறது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்ட அந்தக் கம்பெனி ஒரு இன்ஜினியரை அனுப்புகிறது. அவரையே ஒரு வருடம் இங்கே வைத்துக்கொண்டு, ஷிப்ட் பையன்களுக்குப் பழக்கவும் ரிஜெக்‌ஷனைக் குறைக்கவும் பார்க்கிறீர்கள். ஒரு ஏஜெண்ட், “பிசினஸ் விசாவுல வரட்டும் சார், இறங்கின பிறகு எம்ப்ளாய்மென்ட்டா மாத்திக்கலாம், ஒர்க் பர்மிட், ரெசிடென்ஸ் பர்மிட் எல்லாம் நானே எடுத்துத் தர்றேன்” என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார். இது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்காது. பிசினஸ் விசாவில் இந்தியாவுக்குள் வந்தவர் இங்கே இருந்துகொண்டே அதை வேலை விசாவாக மாற்ற விதியில் இடமில்லை. டூரிஸ்ட் விசாவுக்கும் இதேதான். இந்தியப் பெண்ணையோ ஆணையோ கல்யாணம் செய்துகொண்டவர், பயணம் செய்ய முடியாத அளவுக்கு நோயில் விழுந்தவர் என்று சில விதிவிலக்குகள் உண்டு. அவையும் வேலைக்கான வழிகள் அல்ல. உங்கள் இன்ஜினியர் திரும்ப ஜெர்மனிக்குப் போய், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ புதிதாக விண்ணப்பித்து, புது விசாவுடன் மறுபடி வர வேண்டும். ஏஜெண்ட் சொல்வதை நம்பி உட்கார்ந்திருந்தால் ஆறு மாதம் முடியும்போது அவர் விமானம் ஏறுவார், மெஷின் பாதியில் நிற்கும்.

ஏஜெண்ட் சொன்ன அந்த மூன்று வார்த்தைகளில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. நம் ஊர்ப்பக்கம் விசா என்றாலே போகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் பழக்கம். மேலூரிலும் திருமங்கலத்திலும் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார்கள். அங்கே பெர்மிட், எஸ் பாஸ், இக்காமா என்று தனித்தனி அட்டைகள் உண்டு. அதனால் இந்தியாவிலும் விசா ஒன்று, ஒர்க் பர்மிட் ஒன்று, குடியிருப்பு அனுமதி ஒன்று என்று மூன்று இருக்கும் என நினைக்கிறோம். இங்கே ஒர்க் பர்மிட் என்று தனியாக ஒரு காகிதம் கிடையாது. எம்ப்ளாய்மென்ட் விசாதான் வேலை அனுமதி. வந்து இறங்கிய பிறகு எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தால் கிடைப்பதுதான் குடியிருப்பு அனுமதி. ஆக இரண்டே படி. மூன்றாவது ஒன்றை எடுத்துத் தருவதாக யாராவது காசு கேட்டால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் ஒரு நூற்பாலையில் நிர்வாக அலுவலர், இப்போது மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துச் சின்ன யூனிட்களுக்கு இந்தக் காகித வேலைகளைச் செய்துகொடுக்கிறேன். என் அனுபவத்தில் எந்த விசா என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, இங்கே இருக்கும் நாட்களில் அவர் யாருடைய ஆள், என்ன வேலை செய்யப் போகிறார் என்பது. அதை நீங்களும் ஜெர்மன் கம்பெனியும் உட்கார்ந்து முடிவு செய்து எழுத்தில் வைத்துவிட்டால் விசா வகை, சம்பளம், பி.எஃப்., வரி எல்லாம் தானாக வந்து உட்காரும். அது முடிவாகாமல் விண்ணப்பம் போட்டால், ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு கதை வரும்.

உங்கள் விஷயத்தில் ஒரே ஆளிடம் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. மெஷினை நிறுத்துவது, ஓட்டிப் பார்ப்பது, ஒப்பந்தப்படி உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை மெஷின் விற்றவரின் கடமை. அப்போது அவர் ஜெர்மன் கம்பெனியின் ஊழியர், சம்பளம் அங்கே. அதற்குப் பிறகு ஒரு வருடம் உங்கள் உற்பத்தியைக் கவனித்துக்கொள்வது உங்கள் வேலை, உங்கள் சம்பளம்.

முதல் வேலைக்கும்கூட நெடுங்காலம் எம்ப்ளாய்மென்ட் விசாதான் கேட்டார்கள். மெஷின் சப்ளை ஒப்பந்தத்தின்படி நிறுவ வரும் டெக்னீஷியன், பத்து நாள் வேலை என்றாலும் அதில்தான் வர வேண்டும். பலர் பிசினஸ் விசாவில் வந்து சத்தமில்லாமல் முடித்துக்கொண்டு போனதும் உண்டு. அது தப்பு என்று தெரிந்தும் யாரும் கேட்கவில்லை, கேட்ட இடத்தில் பெரிய தலைவலி ஆனது. 2025-இல் உள்துறை அமைச்சகம் இதை மாற்றியது. நிறுவுதல், ஓட்டிக்காட்டுதல், தரச் சோதனை, அவசியமான பராமரிப்பு, பயிற்சி போன்ற உற்பத்தி சார்ந்த வேலைகளுக்கு வரும் நிபுணர்களை பிசினஸ் விசாவின் பி-4 என்ற பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அழைக்கும் இந்தியக் கம்பெனி, தேசிய ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவு செய்து ஸ்பான்சர் கடிதத்தை அங்கேயே உருவாக்கிக்கொள்ளலாம். ஆகவே மெஷின் நிறுத்தும் மாதங்களுக்கு இந்த வழியைப் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள், பி-4 வந்துவிட்டதால் சாதாரண பிசினஸ் விசாவில் ஸ்பேனர் பிடிக்கலாம் என்று ஆகிவிடவில்லை. அது பேச்சுவார்த்தை, கொள்முதல், மீட்டிங் போன்றவற்றுக்கு. விசாவில் எந்தப் பிரிவு அச்சாகியிருக்கிறது என்பதை விசா கைக்கு வந்ததும் அவரிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது வேலைக்கு, அதாவது அந்த ஒரு வருடத்துக்கு, எம்ப்ளாய்மென்ட் விசா தவிர வேறு வழி இல்லை. இதற்கு இரண்டு முக்கிய நிபந்தனைகள். ஆள் நல்ல தொழில்திறன் உள்ளவராக, இங்கே எளிதில் கிடைக்காதவராக இருக்க வேண்டும். கிளார்க், செயலாளர் மாதிரி சாதாரண வேலைகளுக்குத் தரமாட்டார்கள். அடுத்தது சம்பளம். வருடத்துக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும், மாதக் கணக்கில் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரத்துக்கு மேல். தங்கள் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர்கள், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளின் ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தூதரக ஊழியர்கள் ஆகியோருக்கு இந்த வரம்பு பொருந்தாது. உங்கள் ஆளுக்குப் பொருந்தும்.

இந்த வரம்பில் நானே ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். ஒரு மில்லுக்காக எழுதிய ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் 1,20,000 என்று போட்டேன். கூடவே, “குடியிருக்க வீடும் காரும் கம்பெனி செலவில்” என்று ஒரு வரி. எல்லாம் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும் என்பது என் மனக்கணக்கு. தூதரகம் 14.4 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் செய்தது சரிதான். ரொக்கமாகத் தரும் சம்பளமும் படிகளும் கணக்கில் வரும். வாடகையில்லா வீடு போன்ற சலுகை, வருமான வரிக்குச் சம்பளமாக எடுத்துக்கொள்ளப்படும் அளவுக்குக் கணக்கில் வரும். ஆனால் அதன் மதிப்பை ஒப்பந்தத்திலேயே ரூபாயில் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. திரும்ப 1,30,000 சம்பளம், மாத வாடகை 12,000, ஆக வருடத்துக்கு 17.04 லட்சம் என்று பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். அதற்குள் ஏழு வாரம் போயிருந்தது. முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சம்பளத்தை ஜெர்மன் கம்பெனி கொடுத்தாலும் பரவாயில்லை, நீங்கள் ஸ்பான்சராக இருந்தால் போதும். விசாவுக்குச் சட்டப்படி முதலாளியும் ஸ்பான்சரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அவர் இங்கே ஒழுங்காக இருப்பதற்கும், முடிந்ததும் நாட்டை விட்டுப் போவதற்கும் நீங்கள்தான் உறுதி எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள்.

இதுவரை சொன்னது விதி. இனி சொல்வது அதிகாரியின் பார்வையைப் பொறுத்தது. “இந்த வேலைக்கு இந்தியர் ஏன் கிடைக்கவில்லை” என்று நீங்கள் எழுதும் விளக்கக் கடிதத்தை ஒருவர் ஏற்பார், ஒருவர் கூடுதல் காகிதம் கேட்பார். “அவர் மிகவும் அனுபவம் வாய்ந்தவர், எங்கள் நிறுவனத்துக்கு இன்றியமையாதவர்” என்று பொத்தாம்பொதுவாக எழுதிய கடிதங்களுக்குத்தான் அதிகம் கேள்வி வந்து பார்த்திருக்கிறேன். மெஷினின் மாடல், அந்தக் கன்ட்ரோலரில் அவருக்கு எத்தனை வருடப் பழக்கம், இங்கே எத்தனை பேருக்கு எதை எத்தனை மாதத்தில் பழக்குவார், நீங்கள் இங்கே ஆள் தேடியதற்கு என்ன சான்று, இவை இருந்தால் கடிதம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும், கேள்வியும் குறையும். பதவிப் பெயரிலும் கவனம் வேண்டும். நம் ஷெட்டில் ‘ஆபரேட்டர்’ என்பது கௌரவமான வார்த்தை. விசா மேஜையில் அது சாதாரண வேலை என்று படும். அதற்காக ‘டைரக்டர்’ என்று ஏற்றிப் போடாதீர்கள். புராசஸ் இன்ஜினியர் என்றால் புராசஸ் இன்ஜினியர். அவருடைய பட்டம், பழைய வேலைச் சான்றுகள், உங்கள் கம்பெனி பதிவு, ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே பெயர், அதே வேலை, அதே தேதி இருக்கட்டும்.

விண்ணப்பம் அவர் குடிமகனாக இருக்கும் நாட்டில் போட வேண்டும். வேறொரு நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் இருப்பவர் அங்கே போடலாம். பெர்லினில் தூதரகம், மியூனிக், ஹாம்பர்க், பிராங்க்பர்ட் மூன்றிலும் துணைத் தூதரகம் உண்டு. அவர் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து எது என்று முடிவாகும். எம்ப்ளாய்மென்ட் விசாவுக்கு இ-விசா கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இ-விசா பட்டியலில் மதுரை விமான நிலையம் இருப்பதைப் பார்த்துவிட்டு, எல்லா விசாவையும் ஆன்லைனில் எடுத்து நேராக இங்கே இறங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இ-பிசினஸ் விசா வைத்திருப்பவர் கொழும்பு, துபாய் வழியாக மதுரையில் இறங்கலாம், அது சரி. வேலை விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வாங்க வேண்டிய காகிதம். நம் விமான நிலையத்துக்கு ‘பன்னாட்டு’ என்ற பெயர் கிடைக்கவில்லை என்று எத்தனையோ வருடம் பேசினோம், இமிகிரேஷன் கவுன்ட்டர் மட்டும் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

வந்து இறங்கியதும் இரண்டாவது படி. விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விசாவிலேயே பதிவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முதல் ஆதாரம். முன்பெல்லாம் வீடு நகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம், வெளியே என்றால் எஸ்.பி. அலுவலகம். சிக்கலான விஷயம் என்றால் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சென்னை எழும்பூரில் இறங்கி, ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனுக்குப் போய் உட்கார வேண்டும். துருக்கிக்காரர் ஒருவரை அப்படிக் கூட்டிப் போனேன், மேல் பெர்த்தில் கால் நீட்ட முடியாமல் விழுப்புரம் வரை உட்கார்ந்தே வந்தார். 2018-இல் இ-எஃப்ஆர்ஆர்ஓ வந்த பிறகு இந்த அலைச்சல் போய்விட்டது. இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, காகிதங்களை ஏற்றி, கட்டணம் இருந்தால் கட்டினால், பெரும்பாலும் நேரில் போகாமலே அனுமதி மின்னஞ்சலில் வந்துவிடும். சந்தேகம் இருந்தால் மட்டும் கூப்பிடுவார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் மின்னஞ்சலில்தான் வரும், அதைப் பார்க்காமல் விட்டு விண்ணப்பம் மூடப்பட்ட கதைகள் உண்டு. ஆகவே மின்னஞ்சல் முகவரி அவருடையதாக இருந்தாலும், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தினமும் பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

உண்மையில் மாட்டுகிற இடம் வீடு. வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் தகவல் தர வேண்டும். இந்தத் தகவல் படிவத்தை லாட்ஜ்காரர்கள் இன்னும் ‘சி ஃபார்ம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஹோட்டலில் இருக்கும்வரை ரிசப்ஷனிலேயே போட்டுவிடுவார்கள், உங்களுக்குக் கவலையில்லை. வீட்டுக்கு மாறும்போதுதான் சிக்கல். முன்பு ஒரு வெளிநாட்டுக்காரருக்காக, கப்பலூருக்குப் பக்கம் என்பதால் திருநகரில் ஒரு மாடி வீடு பார்த்திருந்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாடகை, அட்வான்ஸ், மீன் சமைப்பாரா என்பது வரை பேசி முடித்தாயிற்று. ஆன்லைனில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும் என்றதும் கையை எடுத்துவிட்டார். “ஏப்பா, என் பேரு போலீஸ் கம்ப்யூட்டர்ல ஏறுமா? பேத்திக்கு வரன் பாத்துட்டு இருக்கோம்ப்பா.” நானும் அவர் மகனும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இது வழக்கு அல்ல, நாளிதழில் பிறந்தநாள் விளம்பரம் கொடுப்பது மாதிரி ஒரு தகவல்தான் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தோம். உதாரணம் கொஞ்சம் கோணல்தான், ஆனால் வேலை செய்தது. அதன் பிறகும் வீட்டு வரி ரசீது இறந்துபோன அவர் அண்ணன் பெயரில் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் தம்பி பெயர், ரசீதில் அண்ணன் பெயர், மின்கட்டண அட்டையில் அப்பா பெயர். பதினான்கு நாளில் ஒன்பது நாள் இதில் போயிற்று. நீங்கள் வீடு பார்க்கும்போது குளியலறையில் வெந்நீர் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய வெளிநாட்டவர் சட்டம் 1946-ஐச் சேர்ந்தது. அதையும் கூட இருந்த மூன்று பழைய சட்டங்களையும் நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 என்று ஒன்றைக் கொண்டுவந்து, 2025 செப்டம்பர் 1 முதல் அமல்படுத்தினார்கள். விசா நிபந்தனையை மீறினாலோ காலம் கடந்து தங்கினாலோ 3 வருடம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணம் என்றால் குறைந்தது 2 வருடம், 7 வருடம் வரை போகும், அபராதம் 10 லட்சம் வரை. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஏஜெண்ட் “நாங்க லெட்டர் ரெடி பண்ணிக்கிறோம்” என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகச் சொல்கிறேன். உங்கள் லெட்டர்ஹெட்டை வெற்றுத் தாளாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்து பி.எஃப். நாற்பது பேர் இருப்பதால் நீங்கள் பி.எஃப். வரம்புக்குள் இருக்கிறீர்கள். வெளிநாட்டவருக்கு 2008 முதல் தனி விதி. நம் ஆட்களுக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு வைத்து 1,800 பிடிக்கிறோம் அல்லவா, அந்த உச்சவரம்பு அவருக்குக் கிடையாது. அடிப்படைச் சம்பளம் 1,40,000 என்றால் 12 சதவீதம் 16,800, அவர் பக்கம் ஒன்று, உங்கள் பக்கம் ஒன்று. ஜெர்மனியுடன் இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஜெர்மன் கம்பெனி தன் ஊழியராகவே அனுப்பி, அங்கிருந்து சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் இங்கே பி.எஃப். பிடிக்க வேண்டாம். நீங்கள் நேரடியாக வேலைக்கு எடுத்தால் இந்தச் சலுகை இல்லை, ஆனால் போகும்போது அவர் பணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். ஒப்பந்தம் இல்லாத நாட்டுக்காரர் என்றால் 58 வயது வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தனி விதியே செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது, செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது. இப்படி இரண்டு பக்கமும் இழுபடுகிற விஷயத்தில் கட்டாமல் விட்டுவிட்டுப் பிறகு வட்டியோடு கட்டுவதை விட, கட்டிக்கொண்டே போவதைத்தான் நான் சின்னக் கம்பெனிகளுக்குச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

வரி என் துறை இல்லை. ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய இரண்டை மட்டும் குறித்துக் கொடுக்கிறேன். ஒரு நிதியாண்டில் அவர் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் அவருடைய வரி நிலை என்ன, வெளிநாட்டு வருமானமும் இங்கே கணக்கில் வருமா என்பது ஒன்று. நிறுவும் வேலை மாதக்கணக்கில் இழுத்தால் ஜெர்மன் கம்பெனிக்கே இங்கே வரி வருமா என்பது இன்னொன்று. இரண்டாவதை அவர்கள் பக்கத்து ஆடிட்டரும் கேட்பார். விசா தேதிகளை முடிவு செய்யும் முன் இந்தப் பேச்சு நடந்துவிட்டால் நல்லது.

வாடிப்பட்டியில் இரண்டாவது யூனிட் போடும் எண்ணம் இருப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். அது இதே கம்பெனியின் பெயரில் இருந்தால் பரவாயில்லை, வேலையிடம் மாறுவதை எஃப்ஆர்ஆர்ஓவுக்குத் தெரிவித்துவிடுங்கள். தம்பி பெயரில் தனிக் கம்பெனி என்றால், உங்கள் விசாவில் வந்தவர் அங்கே போய் வேலை பார்க்க முடியாது. எம்ப்ளாய்மென்ட் விசா ஆளோடு சேர்த்துக் கம்பெனியையும் கட்டிப் போடுகிறது. தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி போன்ற உறவு இருந்தால் அனுமதி கேட்டு மாறலாம், அண்ணன் தம்பி உறவு அதில் சேராது. ஒரு வருடம் போதாது என்று பட்டால், விசா முடிவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். முதல் விசா தேதியிலிருந்து சில வருடங்கள் வரை நீட்டிக்க வழி உண்டு. நீட்டிப்பின்போது முந்தைய வருடத்துச் சம்பளத்துக்கு வரி கட்டிய சான்று கேட்பார்கள். ஒப்பந்தத்தில் 17 லட்சம், வரிக் கணக்கில் 11 லட்சம் என்றிருந்தால் அங்கே விளங்கிவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால் ஒன்று யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு வேண்டியது அந்த ஆள்தானா, அந்தத் திறமையா? காரைக்குடி, சிவகங்கை, மேலூர்ப் பக்கத்துப் பூர்வீகம் உள்ள மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களில் ரப்பர், பிளாஸ்டிக் தொழிலில் ஊறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவருக்கு வேலை விசாவும் வேண்டாம், பதிவும் வேண்டாம், 16.25 லட்சம் வரம்பும் இல்லை. நேபாளத்துக்காரர்களுக்கு இந்தியாவில் வேலை பார்க்க விசாவே தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. மாட்டுத்தாவணிப் பக்கத்து ஹோட்டலில் பரிமாறும் நேபாளப் பையனுக்கு ஒர்க் பர்மிட் எங்கே என்று என்னிடம் கேட்டவர் ஒரு கம்பெனி முதலாளி.

ஒன்றரை லட்சம் பற்றி. விசாக் கட்டணம் தூதரகத்துக்கு அவர் கட்டுவது, பதிவு உங்கள் ஆபீஸ் பையனே கம்ப்யூட்டரில் செய்யக்கூடியது. ஒப்பந்தத்தையும் விளக்கக் கடிதத்தையும் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளச் செலவழியுங்கள், அது நியாயமான செலவு. மெஷின் தூத்துக்குடியில் இறங்கும் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணி, மூன்று மாதம் முன்னால் காகிதங்களைத் தொடங்குங்கள். பி-4 வேலை முடிந்ததும் அவர் ஊருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துவிட்டு எம்ப்ளாய்மென்ட் விசாவோடு திரும்பும்படி திட்டமிட்டால், நடுவில் ஆறு முதல் எட்டு வாரம் மெஷினை உங்கள் ஆட்களே ஓட்ட வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் வரும் சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மனைவியும் பிள்ளையும் கூட வரலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வரலாம். அவருடைய விசா காலத்துக்கு இணையாக அவர்களுக்கு என்ட்ரி விசா தருவார்கள், அந்த விசாவில் மனைவி இங்கே வேலைக்குப் போக முடியாது. கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பை அங்கேயே எடுத்து வரச் சொல்லுங்கள். இங்கே மதுரையில் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடி நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.